போர்ட் எலன்: மூடிய டிஸ்டிலரி, ஏறிய விலை

போர்ட் எலன் சிங்கிள் மால்ட்டின் ஒரு பாட்டில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு ஏலம் போவது ஏன், 1983-இல் மூடப்பட்ட டிஸ்டிலரி 2024-இல் மறுபடியும் இயங்கத் தொடங்கிவிட்ட நிலையில் பழைய பாட்டில்களின் மதிப்பு சரிந்துவிடாதா, இப்போது ஒன்றை வாங்கி வைப்பது சரியா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. என் கருத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட் எலன் உண்மையிலேயே தனித்தன்மை கொண்ட விஸ்கி, ஆனால் இன்று அதற்குக் கேட்கப்படும் விலை சுவைக்கான விலையன்று. பிளெண்டட் விஸ்கியில், அதாவது பல டிஸ்டிலரிகளின் விஸ்கிகளைச் சேர்த்து ஆக்கும் வகையில், கலப்பதற்காக வடித்த சரக்கு, யாரும் திட்டமிடாமலேயே முப்பது ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து அருமையாக விளைந்துவிட்டது. அது தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் விலை ஓடத் தொடங்கியது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஐலா தீவின் தென்கரையில் போர்ட் எலன் என்ற சிற்றூர் இருக்கிறது. தீவின் நிலவுடைமையாளரான வால்டர் ஃபிரெடரிக் கேம்பெல் 1821-இல் அமைத்துத் தன் மனைவியின் பெயரைச் சூட்டிய ஊர் அது. அங்கே 1825-இல் அலெக்சாண்டர் மக்கே என்பவர் தொடங்கிய டிஸ்டிலரி அவர் கையில் நிலைக்கவில்லை. 1830-களில் அதை எடுத்து நடத்த வந்த ஜான் ராம்சே என்ற இளைஞர்தான் அதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தினார். ஐலாவிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடியாக விஸ்கியை ஏற்றுமதி செய்தவர், தீர்வை கட்டும் முன்பே சரக்கைக் கிடங்கில் வைத்து முதிர விடும் முறைக்காக வாதாடியவர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. அவரை நினைவுகூர்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இன்னொரு முகமும் உண்டு: தன் நிலத்தில் இருந்த குத்தகைக் குடிகளைக் கனடாவுக்குப் புலம்பெயர ஊக்குவித்த நிலவுடைமையாளரும் அவரே. 1892-இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தால் டிஸ்டிலரியை நெடுநாள் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1920-இல் அது கைமாறி, 1925-இல் டிஸ்டிலர்ஸ் கம்பெனி லிமிடெட் என்ற பெருநிறுவனத்தின் வசம் வந்து, 1929-இல் மூடப்பட்டது.

முதல் மூடல் அதுதான். அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. கிடங்குகளும் பார்லியை முளைகட்டும் தளங்களும் பயன்பாட்டில் இருந்தன. வடிகலங்கள் மட்டும் குளிர்ந்து கிடந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளெண்டட் விஸ்கிக்கு உலகமெங்கும் தேவை பெருகியபோது நிறுவனம் அந்தக் கட்டடத்தைத் திருத்தி, இரண்டாக இருந்த செம்பு வடிகலங்களை நான்காக்கி, 1967-இல் மறுபடியும் வடிக்கத் தொடங்கியது. இன்று சேகரிப்பாளர்கள் போர்ட் எலன் என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது 1967 முதல் 1983 வரையிலான இந்தப் பதினாறு ஆண்டு வடிப்பை மட்டுமே. ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு கொண்ட டிஸ்டிலரி என்று விளம்பரங்கள் சொன்னாலும், ஏலத்துக்கு வரும் சரக்கு அநேகமாக முழுவதும் இந்தக் குறுகிய காலத்தில் பிறந்தது.

அந்த வடிப்பின் குணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே டிஸ்டிலரியில், செம்பு வடிகலத்தில் தொகுதி தொகுதியாக வடித்தது என்று பொருள். பார்லியை ஊறவைத்து முளைவிட்டதும், முளை மேலும் வளர்ந்து மாவுச்சத்தைத் தின்றுவிடாதபடி சூடுகாட்டி உலர்த்துகிறார்கள். ஐலாவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கி இறுகிய பீட்தான் விறகு. அதன் புகையிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஈரமான தானியத்தின் மேல் படிந்து, ஊறல், நொதித்தல், இருமுறை வடித்தல் எல்லாவற்றையும் தாண்டிக் கோப்பை வரை வந்து சேர்கின்றன. தீவின் பீட்டில் பாசியும் புதர்ச்செடியும் மிகுதி என்பதால் அதன் புகையில் தார், அயோடின், கடற்பாசி போன்ற நெடி தூக்கலாக இருக்கும் என்பார்கள்.

1973-இல் நிறுவனம் டிஸ்டிலரிக்குப் பக்கத்திலேயே பெரிய அளவில் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, தயாரிக்கும் ஆலை ஒன்றைக் கட்டியது. படுக்கவைத்த ஏழு பெரிய உருளைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 50 டன் பார்லி மெல்லச் சுழன்றபடியே முளைவிடும். கீழே பீட் எரியும் அறையிலிருந்து புகை எழும்பும். இந்த ஆலைதான் இந்தக் கதையின் விசித்திரமான பாத்திரம். பக்கத்து டிஸ்டிலரி இறந்தபோதும் இது இறக்கவில்லை. தீவின் மற்ற டிஸ்டிலரிகள் அதனிடம் மால்ட் வாங்கிக்கொள்வதாக 1987-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, அதனால் அங்கே வேலை தொடர்ந்தது. வடிப்பு நின்றுபோன ஊரில் பல பத்தாண்டுகள் பீட் புகை மட்டும் எழுந்துகொண்டே இருந்தது; அந்தப் புகையில் உலர்ந்த மால்ட் சாலை வழியே போய் வேறு பெயர் தாங்கிய விஸ்கியாயிற்று.

இனி, 1983. போர்ட் எலனை மூடியது அதன் விஸ்கி மோசமானது என்பதனாலன்று. 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும், தேவை என்றென்றும் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் ஸ்காட்லாந்து முழுவதும் உற்பத்தியைப் பெருக்கினார்கள். விஸ்கியில் இந்த வகைக் கணிப்பு எப்போதும் ஆபத்தானது: இன்று வடிப்பதை எட்டு, பத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் விற்க முடியும், அன்றைய சந்தை எப்படியிருக்கும் என்பது இன்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் விலை நெருக்கடி, பொருளாதாரத் தேக்கம், இளைய தலைமுறையின் நாட்டம் வோட்கா பக்கமும் ஒயின் பக்கமும் திரும்பியது எல்லாம் சேர்ந்து, கிடங்குகளில் விற்காத விஸ்கி ஏரிபோலத் தேங்கிவிட்டது. டிஸ்டிலர்ஸ் கம்பெனி 1983-இல் பல டிஸ்டிலரிகளை ஒரே வீச்சில் மூடியது. புரோரா, பான்ஃப், டல்லஸ் டூ, செயின்ட் மேக்டலீன், கிளென் மோர், கிளென் ஆல்பின் ஆகியவை அந்தப் பட்டியலில் அடக்கம்.

ஐலாவில் அந்த நிறுவனத்திடம் மூன்று டிஸ்டிலரிகள் இருந்தன. லகவூலின் பழம்பெயர் பெற்றது. ஒயிட் ஹார்ஸ் பிளெண்டுக்கு உயிர்நாடி. கல் ஈலாவை 1972-க்கும் 1974-க்கும் இடையே இடித்துக் கட்டி, ஆறு வடிகலங்களோடு பெரிதாக்கியிருந்தார்கள். புகைநெடி கொண்ட மால்ட் பிளெண்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் கல் ஈலாவே தந்துவிடும். கணக்குப் பார்க்கிறவரின் மேசையிலிருந்து நோக்கினால் மூன்றாவதாக நிற்பது போர்ட் எலன்தான். நான் அந்த மேசையில் அமர்ந்திருந்தாலும் அதையேதான் மூடியிருப்பேன். இதில் சதி எதுவும் கிடையாது. சிங்கிள் மால்ட்டைத் தனியே குடிக்கும் பழக்கம் அப்போது மிகச் சிறியது. ஐந்தே ஆண்டு கழித்து, 1988-இல், அதே நிறுவனத்தின் வாரிசு லகவூலின் உள்ளிட்ட ஆறு மால்ட்டுகளைக் கிளாசிக் மால்ட்ஸ் என்ற பெயரில் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்றின் திசை மாறியது. அதே சாலையில் சில கல் தொலைவிலுள்ள ஆர்ட்பெக்கும் 1981-இல் மூடப்பட்டு, பிறகு அரைகுறையாக ஓடி, 1997-இல் புதிய உரிமையாளரிடம் போய்த் தழைத்துவிட்டது. போர்ட் எலனின் வடிகலங்களோ அதற்குள் கழற்றப்பட்டுவிட்டன.

டிஸ்டிலரி இயங்கிய காலத்தில் போர்ட் எலன் என்ற பெயரில் சிங்கிள் மால்ட் முறையாக விற்பனைக்கு வந்ததே இல்லை என்று சொல்லலாம். அரசி எலிசபெத் 1980-இல் அங்கே வந்தபோது நினைவாக நிரப்பிய பன்னிரண்டு ஆண்டு விஸ்கியின் சில பாட்டில்கள் விதிவிலக்கு. சேகரிப்பாளர்களின் கனவுப் பட்டியலில் அவை உச்சியில் நிற்கின்றன. மற்றபடி வடித்ததெல்லாம் பீப்பாய் பீப்பாயாகப் பிளெண்டிங் கூடத்துக்கே போயிற்று. அதனால்தான் எந்தப் பீப்பாயில் ஊற்றுகிறோம் என்பதில் யாரும் அதிகம் மெனக்கெடவில்லை. ஏற்கெனவே ஓரிரு முறை நிரப்பிக் காலி செய்த அமெரிக்க ஓக் பீப்பாய்களும், பழைய ஐரோப்பிய ஓக் பீப்பாய்களும் கைக்குக் கிடைத்தபடி பயன்பட்டன.

இந்த அலட்சியம்தான் பின்னாளில் வரமாக முடிந்தது. புதிதாக ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் ஊறிய ஓக் பீப்பாயில் ஒரு மெலிந்த, கூர்மையான வடிப்பை முப்பது ஆண்டு அடைத்துவைத்தால், உலர்திராட்சையும் துவர்ப்பும் மரமும் மேலோங்கி, வடிப்பின் முகம் மறைந்துவிடும். சாரம் தீர்ந்த பழைய பீப்பாயில் மரம் தருவது குறைவு. ஆனால் மரத்தின் வழியே காற்று உள்ளே போவதும், ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் ஆவியாகி வெளியேறுவதும், உள்ளிருக்கும் சேர்மங்கள் ஒன்றோடொன்று மெல்ல வினைபுரிவதும் நிற்பதில்லை. புகையின் முரட்டுத்தனம் அடங்கி, அடியிலிருந்த எலுமிச்சையும் உப்பும் மெழுகும் மேலே வருகின்றன. 1983-இல் வடித்ததைப் பத்து வயதில் கலப்புக்கு அனுப்பியிருந்தால் இன்று அதைப் பற்றிப் பேச ஆள் இருந்திருக்காது.

அந்தப் பீப்பாய்களில் சில தரகர்கள் வழியாக டக்ளஸ் லேங், சிக்னட்டரி, கார்டன் அண்ட் மெக்ஃபெயில் போன்ற தனிப் பாட்டிலர்களின் கைக்குப் போயின. இந்த நிறுவனங்கள் தாங்கள் வடிப்பதைக் காட்டிலும் பிறர் வடித்ததைப் பீப்பாயாக வாங்கி, தங்கள் லேபிளில் நிரப்பி விற்பதில் பெயர் பெற்றவை. 1990-களில் போர்ட் எலனை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் இவர்களே. உரிமையாளர்கள் தரப்பில், மால்ட் ஆலையின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்காக 1998-இல் ஒரு சிறு வெளியீடும், ரேர் மால்ட்ஸ் வரிசையில் 1978 வடிப்பும் வந்தன. பிறகு, இதற்குள் டியாஜியோ என்ற குழுமத்துக்குள் வந்துவிட்டிருந்த நிறுவனம், 2001-இல் ஆண்டு வெளியீட்டு வரிசையைத் தொடங்கியது. முதலாவது 1979-இல் வடித்து 22 ஆண்டு முதிர்ந்தது, ஆல்கஹால் வலிமை 56.2 சதவீதம், 6,000 பாட்டில்கள். இரண்டாவது வெளியீட்டில் 12,000 பாட்டில்கள் வந்தன. பத்தாவது வெளியீட்டிலிருந்து எண்ணிக்கை மூவாயிரத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. 2017-இல் வந்த பதினேழாவது வெளியீடு 37 ஆண்டு முதிர்ந்தது, 2,988 பாட்டில்கள். அதோடு அந்த வரிசை முடிந்தது.

விலையின் கதையை ஒரே ஓராண்டில் பார்த்துவிடலாம். 2012-இல் பன்னிரண்டாவது வெளியீட்டுக்கு நிறுவனம் வைத்த விலை 600 பவுண்டு. அடுத்த ஆண்டு பதின்மூன்றாவதற்கு 1,500 பவுண்டு. அதற்கடுத்த ஆண்டு 2,200. உள்ளே இருந்த திரவம் ஓராண்டில் இரண்டரை மடங்கு நன்றாகிவிடவில்லை. கடையில் 600 பவுண்டுக்கு வாங்கியவர்கள் அதே மாதம் ஏலத்தில் போட்டு லாபம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த லாபம் ஏன் நமக்கு வரக்கூடாது என்று நிறுவனம் நினைத்தது, அவ்வளவுதான். வணிக நோக்கில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டோடு ஒரு வகை வாங்குபவர் காணாமல் போனார்: ஆண்டுக்கு ஒரு பாட்டில் வாங்கி, நண்பர்களோடு திறந்து குடித்தவர். அவரிடத்தில் வந்தவர், பாட்டிலைத் திறக்கவே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வாங்குபவர். திறக்காத பாட்டிலுக்குச் சுவை ஒரு பொருட்டில்லை. எண்ணிக்கையும் லேபிளின் நிலையும் பெட்டியும்தான் பொருட்டு. போர்ட் எலன் விஸ்கியாக இருந்து சொத்தாக மாறிய திருப்பம் என்று நான் கருதுவது அதைத்தான்.

சுவையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். 25 முதல் 30 ஆண்டு முதிர்ந்த வெளியீடுகளில் ஒன்றை, வாய் குறுகிய கோப்பையில் சிறிதளவு ஊற்றிப் பார்த்தால் நிறம் ஏமாற்றும். இவ்வளவு வயதுக்கு இத்தனை வெளிறலா என்று தோன்றும் வைக்கோல் மஞ்சள். முதல் மணத்தில் புகை முந்திக்கொண்டு வராது. எலுமிச்சைத் தோல், ஈரக் கல், மெழுகு, கடற்கரையில் தார் பூசிய கயிறு என்று ஒவ்வொன்றாக வரும். நாவில் வைத்ததும் உப்பும் மிளகும். 55 சதவீதத்தை ஒட்டி வலிமை இருப்பதால் நாக்கின் நுனி சற்று மரத்துப்போகும். இங்கே நான்கைந்து சொட்டு நீர் விடுவது அவசியம். நீர் பட்டதும் கோப்பையின் ஓரத்தில் எண்ணெய் இழைகள் நெளிந்து கரையும்; அதுவரை இறுக்கமாக இருந்த புகை தளர்ந்து, தண்ணீர் தெளித்து அணைத்த விறகடுப்பின் சாம்பல்போல வறண்டு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் தொண்டையில் தங்கும். இனிப்பு மிகக் குறைவு. லகவூலினின் கொழுமையையோ ஐலாவின் இன்னொரு விஸ்கியான லஃப்ரோய்கின் மருந்து நெடியையோ எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது மெலிந்ததாக, சற்றுக் கறாரானதாகத்தான் படும். அந்தக் கறார்தான் இதன் அழகு என்பது என் எண்ணம், ஒப்பாதவர்களும் உண்டு.

வயது ஏற ஏறச் சிறப்பும் ஏறும் என்பது போர்ட் எலன் விஷயத்தில் உண்மையன்று. தொடக்க வெளியீடுகளில், அதாவது 22 முதல் 30 வயதுக்குள், வடிப்புக்கும் மரத்துக்கும் இடையே ஓர் இழுபறி இருக்கிறது. கடைசி வெளியீடுகளில் மரம் வென்றுவிட்டது. மென்மை, பளபளப்பு எல்லாம் உண்டு, முனை மழுங்கிவிட்டது. விலையோ நேர்மாறான திசையில் போகிறது. குடிப்பதற்காகத் தேடுகிறவர், லேபிளில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். போர்ட் எலனையும் புரோராவையும் 35 மில்லியன் பவுண்டு செலவில் உயிர்ப்பிக்கப்போவதாக டியாஜியோ 2017 அக்டோபரில் அறிவித்தது. புரோரா 2021-இல் திறந்தது. அங்கே பழைய கட்டடமும் வடிகலங்களும் அப்படியே இருந்தன. கழற்றிச் செப்பனிட்டுத் திரும்ப வைத்தார்கள். போர்ட் எலனில் பழைய கிடங்குகளையும் உலர்களத்தின் கூம்புக் கூரைகளையும் தவிர மிச்சம் அதிகம் இல்லை என்பதால், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் திறந்த புதிய டிஸ்டிலரியில் இரண்டு இணை வடிகலங்கள் இருக்கின்றன. ஃபீனிக்ஸ் என்று பெயரிட்ட ஓர் இணை, பழைய வடிகலங்களின் வடிவத்தை அப்படியே பின்பற்றியது. சிறியதான மற்றோர் இணை சோதனைகளுக்கானது. சோதனை இணையோடு சேர்ந்த ஸ்பிரிட் சேஃப், அதாவது வடிநீரைப் பார்த்துப் பிரிக்கும் கண்ணாடிப் பெட்டி, தனிச்சிறப்பானது: வழக்கமாக வடிநீரைத் தலை, நடு, கடை என்று மூன்றாகப் பிரிப்பார்கள், இங்கே பத்துப் பகுதிகளாகப் பிரித்து எடுக்கலாம். புகைநெடி வடிப்பின் எந்தக் கட்டத்தில் எந்தக் குணத்தோடு வருகிறது என்பதைத் துண்டு துண்டாக ஆராயும் நோக்கம் அதில் தெரிகிறது. பழைய போர்ட் எலனில் இப்படி யாரும் யோசித்ததில்லை.

ஆகவே புதியது பழையதன் தொடர்ச்சி என்பதைவிட அதன் பெயரைத் தாங்கிய இன்னொன்று என்று கொள்வதே நேர்மை. வடிகலத்தின் வடிவம் ஒன்றாக இருக்கலாம். பார்லியின் ரகம் வேறு, ஈஸ்ட் வேறு, பீப்பாய்களைத் தேர்ந்தெடுக்கும் அக்கறை வேறு, அன்று அவசரத்தில் ஓடிய ஆலையின் ஒழுங்கின்மையும் இன்று இல்லை. சட்டப்படி ஓக் பீப்பாயில் மூன்று ஆண்டு முதிர்ந்தால்தான் ஸ்காட்ச் என்று சொல்ல முடியும், எனவே 2024-இன் வடிப்பு 2027-இல்தான் அந்தப் பெயரைப் பெறும். பன்னிரண்டு வயதை எட்ட 2036 ஆகும். 1979 வடிப்பின் முதல் ஆண்டு வெளியீட்டோடு வயதுக்கு வயது ஒப்பிட 2046 வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில் பழைய சரக்கோடு போட்டியிட எதுவும் வரப்போவதில்லை. திறப்பு விழாவுக்காக நிறுவனம் வெளியிட்டதும் புதியதை அன்று, பழையதைத்தான்: 1978-இல் வடித்து 44 ஆண்டு முதிர்ந்த இரண்டு விஸ்கிகள் கொண்ட ஜெமினி என்ற இணைப்பெட்டி, மொத்தம் 274 பெட்டிகள், ஒன்றின் விலை 45,000 பவுண்டு. மறுதிறப்பு பழைய பெயரின் மீது வெளிச்சத்தைக் கூட்டுகிறது என்பதை அவர்களைவிட யார் நன்றாக அறிவார்கள்?

மதிப்பைக் குறைக்கக்கூடியது சந்தை நிலவரம். பெருந்தொற்றுக் காலத்தில் மலிவான கடனும் வீட்டுக்குள் அடைபட்ட பணமும் சேர்ந்து அரிய விஸ்கியின் ஏல விலையை உயர்த்தின. 2022-க்குப் பிறகு அந்த அலை வடிந்து, பெரும்பாலான பெயர்களின் விலை கணிசமாக இறங்கியிருக்கிறது. இதில் போர்ட் எலனும் விலக்கன்று. ஆண்டு வெளியீடுகளில் பல ஆயிரம் பாட்டில்கள் திறக்கப்படாமலே இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே ஏலத்தில் ஒரே வெளியீட்டின் ஐந்தாறு பாட்டில்கள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். அரியது என்ற சொல்லுக்கு அங்கே அளவுகோல் தேவைப்படுகிறது. அதோடு, விற்கும்போது ஏல நிறுவனத்தின் கழிவு, வாங்கும்போது அதன் கட்டணம், காப்பீடு, அனுப்பும் செலவு எல்லாம் போகத்தான் லாபம். முதலீடு என்ற ஒரே நோக்கத்தோடு இப்போது நுழைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியும் வாங்குவதென்றால் போலியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் போலி என்பது ஓரமாக நடக்கும் சில்லறைக் குற்றமன்று. 2017-இல் ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல், 1878-ஆம் ஆண்டு மக்காலன் என்ற ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் என்று நம்பப்பட்ட பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு பெக்கை ஏறத்தாழ பத்தாயிரம் ஃபிராங்குக்கு விற்றது. பிறகு ஆய்வில் அது 1970-களின் தொடக்கத்தைச் சேர்ந்த பிளெண்டட் விஸ்கி என்று தெரிந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடம் 55 அரிய பாட்டில்களைச் சோதித்ததில் 21 போலியாக இருந்தன. இந்தச் சோதனைக்கு அடிப்படை அணுகுண்டு. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணு ஆயுதச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-இன் அளவை இருமடங்கு வரை உயர்த்தின. 1963-க்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது. பார்லி வளர்ந்த ஆண்டின் காற்று எதுவோ அதன் கையெழுத்து சாராயத்திலும் இருக்கும். ஆகவே 1979 வடிப்பு என்று சொல்லும் பாட்டிலில் 2010-களின் தானியம் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் தப்ப முடியாது.

ஆனால் அதற்குப் பாட்டிலைத் திறக்க வேண்டும், அல்லது ஊசியால் துளி எடுக்க வேண்டும். கண்ணால் பார்த்து அறிய வேண்டியவை வேறு. போர்ட் எலனில் நூற்றாண்டுப் பழமை என்று கதை விடும் வகைப் போலி குறைவு. உண்மையான காலிப் பாட்டிலை வாங்கி, மலிவான புகைநெடி விஸ்கியை ஊற்றி, மூடியைப் புதிதாகப் போர்த்தும் வகைதான் அதிகம் அஞ்ச வேண்டியது. லேபிள் உண்மை, பெட்டி உண்மை, கண்ணாடி உண்மை. பொய் உள்ளே மட்டும். அதனால் மூடியின் உறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: சுருக்கமும் மடிப்பும் அதே வெளியீட்டின் மற்றப் பாட்டில்களோடு ஒத்துப்போகிறதா, விளிம்பில் பசையின் தடம் உண்டா, கழுத்தில் திரவத்தின் மட்டம் வயதுக்குப் பொருந்துகிறதா. நிறத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரே வெளியீட்டின் எல்லாப் பாட்டில்களும் ஒரே கலவையிலிருந்து நிரப்பியவை, ஒன்று மட்டும் சற்று அடர்ந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் விற்பனையிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்பதற்கான ரசீதுச் சங்கிலி. குடித்து முடித்தவர் காலிப் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிடுவது இந்தத் தொழிலுக்குச் செய்யும் நல்ல உதவி. இணைய ஏலங்களில் காலிப் பாட்டிலுக்கும் பெட்டிக்கும் கிடைக்கும் விலையைப் பார்த்தால், அலமாரி அலங்காரத்துக்காக மட்டும் யாரும் அவ்வளவு கொடுப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

வைத்திருப்பது எளிது. ஒயினைப்போலப் படுக்கவைக்கக் கூடாது. வலிமையான சாராயம் கார்க்கைத் தின்றுவிடும். நிமிர்த்தி, வெயில் படாமல், வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் வைத்தால் போதும். கண்ணாடிக்குள் விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. 2001-இல் நிரப்பிய 22 வயதுக்காரர் இன்றும் 22 வயதுக்காரர்தான்.

போர்ட் எலன் எப்படி இருக்கும் என்று அறிவதுதான் உங்கள் உள்ளார்ந்த விருப்பம் என்றால், முழுப் பாட்டில் தேவையே இல்லை. தேர்ந்த விஸ்கி பார்களில் இரண்டு சென்டிலிட்டர் அளவில் ஊற்றித் தருகிறார்கள்; ஒரே பாட்டிலைப் பலர் பங்கிட்டுச் சிறு குப்பிகளில் பிரித்துக்கொள்ளும் வழக்கமும் சுவைஞர்களிடையே உண்டு. தொடக்க ஆண்டு வெளியீடு ஒன்றையோ, 1982 அல்லது 1983 வடிப்பில் தனிப் பாட்டிலர்கள் நிரப்பிய ஒன்றையோ தேர்ந்தெடுங்கள். அதற்கும் முன்னால், அதே உரிமையாளரின், அதே ஊர் மால்ட் ஆலையிலிருந்து தானியம் பெற்ற கல் ஈலாவை, 25 வயதுக்கு மேற்பட்டதாக, பழைய அமெரிக்க ஓக் பீப்பாயில் முதிர்ந்ததாகத் தேடிக் குடித்துப் பாருங்கள். எலுமிச்சை, உப்பு, சாம்பல் மூன்றும் அதிலும் இருக்கின்றன, விலை பல மடங்கு குறைவு. அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் போர்ட் எலனும் பெரும்பாலும் பிடிக்காது.